வழிதவறும் பொதிகள்: தேட வேண்டியவர் யார்?

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ அஞ்சலில் சேர்க்கப்படும் பொதி, சில வேளைகளில் வேறொரு நாட்டில் போய் இறங்கிவிடுகிறது.

முகவரியின் கடைசி வரியிலுள்ள நாட்டின் பெயரே பெரும்பாலும் இதற்குக் காரணமாகிறது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா இரண்டின் அஞ்சல் குறியீடுகளும் 4 இலக்கங்களைக் கொண்டவை, சுவிட்சர்லாந்திலும் அவ்வாறே. 3000 என்ற எண் மெல்பர்னுக்கும் உரியது, பெர்ன் நகருக்கும் உரியது. எனவே நாட்டின் பெயர் தெளிவாக இல்லையென்றால், குறியீட்டைக் கொண்டு மட்டும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய பெட்டியில் அகற்றப்படாத பட்டைக்குறியீடும் இயந்திரத்தைக் குழப்பக்கூடும்.

1874ஆம் ஆண்டு உருவான உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி, தவறி வந்த பொதியைத் தாமதமின்றி உரிய நாட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். ஆனால் முகவரியே அழிந்துபோன பொதியின் நிலை வேறு. பிரிட்டனில் அது பெல்ஃபாஸ்டிலுள்ள மையத்துக்கும், அமெரிக்காவில் அட்லாண்டாவிலுள்ள மையத்துக்கும் செல்கிறது. அங்கு அதைத் திறந்து முகவரி தேடுவார்கள். கிடைக்காவிட்டால், பொருட்கள் விற்கப்படவும் கூடும். பெட்டிக்குள் இரு முகவரிகளையும் எழுதிய ஒரு தாள் இருந்தால், இந்நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பொதி வந்து சேராதபோது, அதற்காகக் காத்திருப்பவரே தமது ஊர் அஞ்சலகத்தில் விசாரிப்பது வழக்கம். ஆனால் முறையான விசாரணையைப் பொதுவாக அனுப்பியவரே, அனுப்பிய நாட்டின் அஞ்சல் துறையிடம் கோர வேண்டும். இதற்கான அவகாசம் 6 மாதங்கள். இழப்பீடு கிடைத்தாலும் பொதுவாக அவருக்கே உரியது. கண்காணிப்பு எண் உள்ள பற்றுச்சீட்டும் ஊரிலுள்ள பெற்றோரிடமே இருக்கும்.