தோல்விப் பெயர் மாறும் விதம்: பில் ஸ்னைடரும் கான்சாஸ் ஸ்டேட் கால்பந்தும்

தோற்றே பழகிய ஓர் அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தால் அதன் பெயர் மாறிவிடும் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் அசையாத நம்பிக்கை. அதற்காக அவை கொடுக்கும் விலை சிறியதன்று. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலக்கியது. அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். ஆய்வுகளோ இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. ஸ்காட் ஆட்லர், மைக்கேல் பெர்ரி, டேவிட் டோஹர்ட்டி ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக மோசமாக ஆடிவந்த அணிகள் பயிற்சியாளரை மாற்றியதால் குறிப்பிடத்தக்க பலன் பெறவில்லை. நடுத்தர அணிகளோ, பயிற்சியாளரை மாற்றாமல் வைத்திருந்த ஒத்த அணிகளைவிடப் பின்தங்கின.

இந்த முடிவோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அது அளந்தது ஆட்ட முடிவுகளை. ஓர் அணியின் பெயர் வேறொரு கணக்கில் ஏறி இறங்குகிறது. சராசரிகளின் நடுவே அந்தக் கணக்கு கண்ணுக்குப் படுவதில்லை. புதிய தலைமை ஓர் அணியின் பெயரை மாற்ற முடியும். அதற்கு நிறுவனம் காலம் தர வேண்டும். வந்தவர் ஸ்கோருக்கு அப்பாற்பட்ட ஓர் அளவுகோலை அணிக்குள் ஊன்ற வேண்டும். இவ்விரண்டும் அமைந்தாலும் வெளியுலகின் நினைவு களத்து நிலவரத்துக்குப் பல ஆண்டுகள் பின்னால்தான் வரும். இதைக் காட்ட, கான்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் என்னும் சிறு நகரிலுள்ள கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். (ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தையே இக்கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்.)

1863-இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகம் வேளாண்மைக் கல்விக்குப் பேர்பெற்றது. கால்பந்தில் அதற்கு இருந்தது அவப்பெயர். உயர்மட்டப் பிரிவில் 500 தோல்விகளை முதலில் எட்டிய அணி அதுதான். பருவ முடிவில் தேர்ந்த அணிகள் அழைக்கப்படும் சிறப்பு ஆட்டங்களுக்குப் பவுல் என்று பெயர்; 1988 இறுதிவரை அந்த அணி ஆடியிருந்த பவுல் ஆட்டம் ஒன்றே ஒன்று: 1982 இன்டிபென்டன்ஸ் பவுல். அதிலும் தோல்வி. 1987, 1988 ஆகிய இரு பருவங்களிலும் ஒரு வெற்றிகூட இல்லை. நெப்ராஸ்கா, ஒக்லஹோமா போன்ற வலிய அணிகள் இருந்த பிக் எயிட் கூட்டமைப்பில் இந்த அணிக்கு இனி இடம் உண்டா என்ற பேச்சும் அடிபட்டது. 1989-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் நாட்டிலேயே உருப்படாத அணி என்ற பொருளில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டு அந்த அவப்பெயருக்கு முத்திரை குத்தியது.

அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் ஃப்ரையின் கீழ்த் தாக்குதல் ஆட்டத்தை வகுத்துவந்த பில் ஸ்னைடர் 1988 நவம்பரில் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டபோது, அணி தொடர்ந்து 27 ஆட்டங்களில் வெற்றியைக் கண்டதில்லை. அவருக்கு வயது 49. 1986 முதல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜான் வெஃபால்ட், கால்பந்தைச் சீர்செய்வதைப் பல்கலைக்கழகத்தின் எதிர்காலத்தோடு சேர்த்தே பார்த்தவர். ஸ்னைடரைப் பற்றிய பாராட்டுரைகளில் வெஃபால்ட் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிப்போகிறார். அது நியாயமன்று என்பது என் கருத்து. தலைமை என்று நாம் சொல்வது இங்கே இரண்டு அடுக்கு கொண்டது. மேலடுக்கு தாங்கியதால்தான் கீழடுக்கு நின்றது.

1989 செப்டம்பர் 30. எதிரணி நார்த் டெக்சாஸ். நேரம் முடியும் தறுவாயில் கார்ல் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் எல்லைக்குள் பிடித்தார், 20-17. 1986 அக்டோபருக்குப் பிறகு அந்த அணி பெற்ற முதல் வெற்றி அது. அந்தப் பருவத்தின் ஒரே வெற்றியும் அதுவே. மற்ற 10 ஆட்டங்களும் தோல்வி. வெற்றிக் கணக்கை மட்டும் பார்க்கும் நிர்வாகம் அங்கேயே பொறுமை இழந்திருக்கும். மன்ஹாட்டனில் அப்படி நடக்கவில்லை. 1990-இல் 5 வெற்றி, 1991-இல் 7, 1993-இல் 9 என்று கணக்கு ஏறியது. 1993 இறுதியில் காப்பர் பவுலில் வயோமிங்கை 52-17 என வென்றது. அந்த அணியின் வரலாற்றில் முதல் பவுல் வெற்றி அது.

இடையில் என்ன மாறியது? ஸ்னைடர் வந்ததும் அணியின் சின்னத்தை மாற்றினார். பல்கலைக்கழகத்தின் கலைப் பேராசிரியர் டாம் புக்வால்டர் வரைந்த ஊதாநிறக் காட்டுப்பூனை முகம் இன்றும் ஹெல்மெட்டில் இருக்கிறது. சின்னத்தை மாற்றுவது எவருக்கும் எளிது. எளிதல்லாதது அவர் வீரர்கள் முன் வைத்த 16 இலக்குகள். அர்ப்பணிப்பு, தன்னலமின்மை, ஒற்றுமை என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் வெற்றியை எதிர்பார்க்கும் மனநிலை பின்பகுதியில்தான் வருகிறது. இந்த வரிசைக்குப் பொருள் உண்டு. ஸ்கோர் பலகை மட்டுமே அளவுகோல் என்றால், தோற்கும் அணி ஒவ்வொரு வாரமும் தான் ஒன்றுக்கும் உதவாதது என்ற தீர்ப்பையே பெறும். நேற்றைவிட இன்று தேறினோமா என்று கேட்டால், 1 வெற்றியும் 10 தோல்வியும் கண்ட ஆண்டிலும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். ஜூனியர் கல்லூரிகளிலிருந்து, பெரிய அணிகள் கண்டுகொள்ளாத வீரர்களை அவர் எடுத்துச் சேர்த்ததும் இதே எண்ணத்தோடு ஒட்டியதுதான். காயமுற்ற எதிரணி வீரர்களுக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஓர் அணியின் பெயர் எதிரணியின் உடைமாற்றும் அறையிலும் உருவாகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எளிய அணிகளைத் தேடிப் பிடித்து ஆட்ட அட்டவணையை நிரப்பினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. அது பொய்யில்லை. தன்னம்பிக்கை செத்த அணிக்கு அது தேவைப்பட்டது என்ற சமாதானத்தை நான் பாதிவரைதான் ஏற்பேன். அதற்கான விலையை அணி 1998-இல் கொடுத்தது.

அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்களிலும் வென்று, ஒரு தேசியத் தரவரிசையில் முதலிடத்தையும் தொட்டது கான்சாஸ் ஸ்டேட். கூட்டமைப்பு இறுதியாட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியிடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 36-33 எனத் தோற்றது. அதற்குப் பிறகும், தேசியப் பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தீர்மானித்த பிசிஎஸ் தரவரிசையில் அதன் இடம் 3. ஆனால் பெரிய பவுல் ஆட்டங்கள் எதுவும் அதை அழைக்கவில்லை. 4-ஆம் இடத்து ஒஹாயோ ஸ்டேட்டையும் 8-ஆம் இடத்து ஃபுளோரிடாவையும் அழைத்தன. களத்தில் மாறிவிட்ட உண்மை, அழைப்பு அனுப்புகிறவர்களின் மனத்தில் மாறியிருக்கவில்லை; எளிய அட்டவணை அந்தப் பழைய நினைவுக்கே துணை நின்றது. தரவரிசையில் 3-ஆம் இடம் பெறும் அணிக்குப் பெரிய பவுலில் இடம் உறுதி என்ற விதி அடுத்த பருவத்திலேயே வந்தது. கான்சாஸ் ஸ்டேட் விதி என்றே அது அழைக்கப்பட்டது. பெயர் தராததை விதி தர வேண்டியிருந்தது. 2003-இல் முதலிடத்தில் இருந்த ஒக்லஹோமாவை 35-7 என வீழ்த்திக் கூட்டமைப்புப் பட்டம் வென்றபோதுதான் பழைய கேலி முற்றாக ஓய்ந்தது. அதற்குள் 15 பருவங்கள் கடந்துவிட்டன.

இந்தப் பெயர் ஒரு மனிதரோடு ஒட்டிக்கொண்டதா, நிறுவனத்தில் தங்கியதா? 2005-இல் ஸ்னைடர் ஓய்வுபெற்றார். அடுத்து வந்த ரான் பிரின்ஸின் மூன்று பருவங்களில் 17 வெற்றி, 20 தோல்வி. 2009-இல் ஸ்னைடரே திரும்பி வந்து, 2012-இல் கூட்டமைப்புப் பட்டத்தில் மீண்டும் பங்கு பெற்றுத் தந்தார். இதுவரை பார்த்தால் விடை கசப்பானது. ஆனால் 2018 பருவத்தோடு அவர் இறுதியாக விலக, 2019-இல் பொறுப்பேற்ற கிறிஸ் கிளீமன் 2022-இல் டிசியு அணியைக் கூடுதல் நேரத்தில் 31-28 என வென்று பட்டம் பெற்றார். பெயர் நிறுவனத்துக்கு இடம்மாற ஒரு தலைமுறையே பிடித்தது.

இதற்கு மறுப்பாக இந்தியானா பல்கலைக்கழகத்தைக் காட்டலாம். 2023-இல் 3 வெற்றி மட்டுமே பெற்ற அந்த அணி, கர்ட் சிக்னெட்டி வந்த முதல் பருவத்திலேயே 11 வெற்றிகளோடு தேசிய பிளேஆஃப் சுற்றில் நுழைந்தது. 2021 முதல் மாற்றலாகும் வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் ஆடலாம் என்ற தளர்வு வந்ததால், முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வீரர்கள் பலரையும் அவர் உடன் கொண்டுவந்தார். அணியை உருவாக்கும் காலம் சுருங்கிவிட்டது என்பதை இது ஐயமறக் காட்டுகிறது. பெயர் நிலைக்கும் காலமும் சுருங்கிவிட்டதா என்பது சிக்னெட்டிக்கு அடுத்து வருகிறவரின் காலத்தில்தான் தெரியும்.

கால்பந்து வெற்றி பல்கலைக்கழகத்துக்கே பயன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. நடுத்தர நிலையிலிருந்து சிறந்த நிலைக்கு உயரும் அணியின் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பங்கள் சுமார் 18 விழுக்காடு கூடுகின்றன என்று ஹார்வர்டின் டக் சுங் கணித்தார். எனவே நிர்வாகிகளின் ஆவலைப் பழிப்பதற்கில்லை. பழிக்க வேண்டியது அவர்களின் அவசரத்தை. பயிற்சியாளரை விலக்கக் கோடிகளை ஒதுக்கும் ஆட்சிக்குழுக்கள், முதல் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் வென்றவரை ஐந்தாண்டு வைத்துக்கொள்ளத் தங்களுக்கு மனம் வருமா என்று நியமன ஆணையில் கையெழுத்திடும் முன்பே பேசி முடிவெடுக்கட்டும்.