இஸ்ஃபஹான் ஜும்ஆ பள்ளிவாசல்: வரலாறும் கட்டுமானமும்

இஸ்ஃபஹான் என்றதும் நீல ஓடு பதித்த ஷா பள்ளிவாசலைத்தான் பலரும் நினைப்பார்கள். 1611இல் முதலாம் ஷா அப்பாஸ் தொடங்கிய அந்தப் பள்ளியின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே ஊரின் பழைய கடைவீதியைப் பிடித்து வடக்கே நடந்தால், அதைவிட ஏழு நூற்றாண்டுக்கு மேல் மூத்த ஜும்ஆ பள்ளிவாசல் வரும். பாரசீகப் பள்ளிவாசல் கலையின் தாய்வீடு அதுவே.

இதைக் கட்டியவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. அப்பாசியர், புவைஹியர், செல்ஜூக்கியர், மங்கோலியர், தைமூரியர், சஃபவியர் என அரசுகள் மாறின. வந்தவர்கள் முன்னோர் எழுப்பியதோடு சேர்த்தே கட்டினார்கள். கி.பி. 840 வாக்கில், கலீபா முஃதஸிம் காலத்தில், நடுவே திறந்த முற்றமும் சுற்றிலும் தூண் வரிசைகளுமாக, பச்சைச் செங்கல்லால் பெரிய பள்ளி எழுந்தது. 1970களில் இத்தாலியத் தொல்லியலாளர்கள் தரையைத் தோண்டியபோது, அதற்கும் அடியில் இன்னும் சிறிய, இன்னும் பழைய பள்ளி ஒன்றின் சுவரும் சுதை வேலைப்பாடும் வெளிப்பட்டன. 10ஆம் நூற்றாண்டில் புவைஹியர், முற்றத்தைச் சுற்றி ஒரு தூண் வரிசை சேர்த்தார்கள். சுட்ட செங்கல்லைத் திருப்பியும் சாய்த்தும் அடுக்கியே அத்தூண்களில் கோலம் காட்டினார்கள்.

பள்ளியின் பொற்காலம் செல்ஜூக்கிய சுல்தான் மலிக்ஷாவின் ஆட்சி. அவருடைய தலைமை அமைச்சரான (வஸீர்) நிஜாமுல் முல்க், 1086-87இல், தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு முன்னே இருந்த தூண்களை எடுத்துவிட்டு, பெரிய குவிமாடம் எழுப்பினார். அரசவையில் அவருக்குப் போட்டியாளர் தாஜுல் முல்க். அரசி தெர்க்கான் காத்தூனின் காரியங்களைப் பார்த்தவர். ஹிஜ்ரி 481இல், அதாவது 1088-89இல், பள்ளிக்கு நேர் வடக்கே தாஜுல் முல்க் இன்னொரு குவிமாடம் கட்டினார். அன்று அது பள்ளிச் சுவருக்கு வெளியே நின்றது. பிற்காலத்தில்தான் உள்ளே சேர்ந்தது. அரண்மனைப் பகை நெடுநாள் நீடிக்கவில்லை. 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த ஆண்டே தாஜுல் முல்க்கும் கொல்லப்பட்டார். இரு குவிமாடங்களும் இன்றும் நிற்கின்றன.

தெற்குக் குவிமாடம் பெரியது. வடக்குக் குவிமாடமோ ஏறத்தாழ 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும்தான். ஆனாலும் உலகின் தலைசிறந்த செங்கல் வேலைகளில் ஒன்றாக அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. சதுரமான அறைமீது வட்டமான கூரையை எப்படி உட்காரவைப்பது என்பது கொத்தனார்களுக்குப் பழைய சிக்கல். இங்கே நான்கு மூலைகளிலும் வளைவு கொடுத்துச் சதுரத்தை எண்கோணமாக்கினார்கள். அதன்மேல் 16 சிறு வளைவுகளை வைத்தார்கள். அதற்கும் மேலே வட்டம் இயல்பாகப் பொருந்திவிட்டது. தரையில் புறப்படும் ஒவ்வொரு கோடும் எங்கும் அறுபடாமல் குவிமாடம்வரை ஏறுகிறது. உச்சியின் உட்புறத்தில் ஐந்துமுனை நட்சத்திரம். ஓடு கிடையாது, வண்ணப்பூச்சு கிடையாது. கணக்கும் செங்கல்லும் மட்டுமே. அந்நாளில் மலிக்ஷாவின் வானாய்வுப் பணிக்காக இஸ்ஃபஹானில் இருந்த கணித அறிஞர் உமர் கய்யாமுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவதற்கு இந்தக் கணிதத் துல்லியமே காரணம்.

1121-22இல் பள்ளி தீக்கிரையானது, மீண்டும் கட்டினார்கள். அந்த நூற்றாண்டில்தான் முற்றத்தின் நான்கு பக்கங்களிலும் ஈவான்கள் எழுந்தன. ஈவான் என்பது முகப்பு முழுதும் திறந்த, உயர்ந்த வளைவு மண்டபம். இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய மன்னர்களின் அரண்மனையில் இருந்த அந்த அமைப்பு இங்கே தொழுகைக்கு வந்தது. தெற்கில் சாஹிப், வடக்கில் தர்வேஷ், எதிரெதிரே உஸ்தாதும் ஷாகிர்தும் என்று நான்குக்கும் பெயருண்டு. ஜவாரே, வராமீன், சமர்கந்து என நான்கு ஈவான் பள்ளிகள் பின்னர் எங்கும் பரவின.

1310இல் மங்கோலிய சுல்தான் உல்ஜாய்த்து காலத்தில் வைத்த சுதை மிஹ்ராபைக் காண்பவர் எளிதில் நகரமாட்டார். கொடியும் இலையும் எழுத்தும் அடுக்கடுக்காகப் பின்னிக்கிடக்கும். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தைமூரியர் குளிர்காலத் தொழுகைக்கென்று தாழ்ந்த, அகன்ற வளைவுகளோடு ஒரு கூடம் கட்டினார்கள். அதற்குச் சன்னல் இல்லை. கூரையில் பதித்த மெல்லிய பளிங்குப் பலகைகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது. முற்றத்தைச் சூழ்ந்த நீல ஓடுகளில் பெரும்பகுதி அதற்குப் பின் வந்தவர்கள் பதித்தவை.

1980களின் ஈரான்-ஈராக் போரில் குண்டு விழுந்து பள்ளியின் ஒரு பகுதி இடிந்தது, அதையும் சீரமைத்தார்கள். 20,000 சதுர மீட்டருக்கும் மேல் விரிந்த இந்தப் பள்ளியை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இஸ்ஃபஹான் செல்லும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் ஷா பள்ளிவாசலோடு திரும்பிவிட வேண்டாம். கடைவீதி வழியாக வடக்கே நடந்து, ஜும்ஆ பள்ளியின் வடக்குக் குவிமாடத்தின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள்.