சுழலும் உருளையும் இடக்கையும்

படைக்கல வரலாற்றை எழுதுவோர் சுழல் கைத்துப்பாக்கியைப் பக்கம் பக்கமாகப் பாராட்டுவர். அதன் உடன்பிறப்பாகிய சுழல் ரைபிளை இரண்டொரு வரிகளில் கடந்து செல்வர். இரண்டையும் புகழ்பெறச் செய்தவர் ஒருவரே. உள்ளமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று உலகெங்கும் பரவ, மற்றொன்று வழக்கொழிந்ததற்குக் காரணம், அதனை ஏந்திய வீரனின் இடக்கையே ஆகும்.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட், 1830இல் தம் பதினாறாம் வயதில், கல்கத்தா நோக்கிப் புறப்பட்ட 'கோர்வோ' என்னும் கப்பலில் பணியாற்றுகையில், சுழல் உருளையின் மாதிரியொன்றை மரத்தில் செதுக்கினார் என்பர். 1836இல் காப்புரிமை பெற்று, நியூ ஜெர்சி மாநிலத்துப் பாட்டர்சன் நகரில் தொழிற்சாலை நிறுவினார். அங்குச் செய்த ரைபிளை 1837இல் வெஸ்ட் பாயிண்டில் ஆராய்ந்த படைத்துறைக் குழு, சிக்கல் மிகுந்தது என ஒதுக்கியது. மறு ஆண்டு அவரே புளோரிடா சென்று, செமினோல் மக்களோடு போரிட்டுக்கொண்டிருந்த படையினருக்கு 50 ரைபிள்களை விற்றார். 1842இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

இனி அமைப்பை நோக்குவோம். உருளையிலுள்ள ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். பின்புறக் காம்பில் சிறு வெடிமூடியொன்றைப் பொருத்த வேண்டும். உருளை தடையின்றிச் சுழல, அதற்கும் குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இன்றியமையாதது. அதனை மிகவும் நெருக்கினால், மருந்தின் கரி படிந்து உருளை இறுகிவிடும். இடைவெளியை விட்டுவைத்தாலோ, ஒவ்வொரு வெடிக்கும் தீயும் ஈயத்துகளும் அதன் வழியே பக்கவாட்டில் சீறும். அத்தீப்பொறி, குண்டு சரிவர அடைக்காத அடுத்த அறையுள் புகுந்தால் அங்குள்ள மருந்தும் வெடிக்கும். சிலவேளை அறைகள் பலவும் ஒருங்கே வெடித்துவிடும். வெடிமூடி தளர்ந்திருப்பின் பின்புறமாகவும் தீ பரவக்கூடும்.

கைத்துப்பாக்கியிலும் இவ்விபத்து நேர்ந்ததுண்டு. ஆயின் அங்குக் கை உருளைக்குப் பின்னே இருக்கும். தவறிய குண்டுகள் முன்னோக்கிப் போய்விடும். ரைபிளையோ இடக்கை உருளைக்கு முன்னே குழலைத் தாங்கிப் பிடிக்கிறது. தறிகெட்ட குண்டு பாய்வது அந்தக் கையில்தான். குறளுக்குப் பொருந்திய உத்தியை அப்படியே நெடும்பாட்டுக்கு நீட்டினால் என்ன நேரும் என்பதை நம் வட்டத்துப் புலவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

குண்டின்மேல் கொழுப்பைப் பூசி அறைவாயை அடைத்தனர். இடக்கையை விசைக்காப்பு வளையத்தின் அடியில் வைத்துச் சுடப் பழகினர். பின்னது கையைக் காத்தது. கனத்த குழலை நிலையாக ஏந்திக் குறிபார்க்கும் வசதியைப் பறித்தது.

எலிஷா ரூட் வடிவமைத்த 1855ஆம் ஆண்டு மாதிரி உறுதி மிக்கது. ஆயினும் உள்நாட்டுப் போரின்போது 1862இல் ஹைரம் பெர்டனின் குறிவீரர் படைக்கு இதனை அளித்தபோது, ஷார்ப்ஸ் ரைபிளை எதிர்பார்த்திருந்த வீரர்கள் முணுமுணுத்தனர். அதே ஆண்டில் அவர்கள் விரும்பியதே வந்தது. படைக்கலத்தை அஞ்சும் வீரனிடம் அதனைத் திணிப்பது வீண்.

எனினும் இதனை வெறும் தோல்வி என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா போர்க்களம். வடபுலப் படை குலைந்து பின்வாங்க, ஸ்நாட்கிராஸ் குன்றருகே ஓஹியோ 21ஆம் காலாட்படை நின்றது. அதன் வீரருள் பெரும்பாலோர் கையில் இருந்தது ஐந்து முறை சுடவல்ல இந்த ரைபிளே. அன்று அவர்கள் செலவிட்ட தோட்டாக்கள் 40,000க்கு மேல். கையிருப்பு தீர்ந்தபோது, வீழ்ந்துகிடந்த தோழரின் பைகளைத் துழாவி எடுத்துச் சுட்டனர். அந்திக்குப் பின் பலர் சிறைப்பட்டனர். தம் இடக்கையைப் பற்றி அன்று அவர்கள் எண்ணியிருக்க இடமில்லை.

மருந்தையும் குண்டையும் ஒன்றாய் அடக்கிய உலோகத் தோட்டா அக்காலத்திலேயே வந்துவிட்டது. தன் கட்டையுள் 7 தோட்டாக்களை அடுக்கிய ஸ்பென்சர் ரைபிளுக்குச் சுழல் உருளையே வேண்டியிருக்கவில்லை. அத்தோட்டா தொடர்வெடிப்பை ஏறக்குறைய ஒழித்தது, இடைவெளியை ஒழிக்கவில்லை. 21ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டு ரோசி நிறுவனம் 'சர்க்யூட் ஜட்ஜ்' என்னும் சுழல் ரைபிளைச் செய்தபோதும், அவ்விடைவெளியின் இருமருங்கும் சிறு காப்புத் தகடுகளைப் பொருத்த வேண்டியிருந்தது.