இங்கிலாந்து உள்ளாட்சி மன்றங்களும் நிதி வெட்டும்

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள், அதாவது கவுன்சில்கள், 2010இல் பதவியேற்ற கூட்டணி அரசு தொடங்கிய சிக்கன நடவடிக்கையால் நடுவண் அரசு தந்துவந்த நிதியில் ஏறத்தாழப் பாதியை இழந்தன. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, 2010-11க்கும் 2017-18க்கும் இடையே விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் அரசு நிதி 49 விழுக்காடு குறைந்தது. கவுன்சில் வரியையும் சேர்த்துக்கொண்டால் மன்றங்களின் செலவிடும் திறன் 29 விழுக்காடு குறைந்தது. வரியை உயர்த்தி இதை ஈடுகட்டுவதும் எளிதன்று. அரசு வகுக்கும் உச்சவரம்பைத் தாண்டும் மன்றம் உள்ளூர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கவும் சட்டம் இடம் தருவதில்லை.

வெட்டு எல்லாத் துறைகள் மீதும் சமமாக விழவில்லை. ஆதரவற்ற குழந்தைகளையும் தளர்ந்த முதியோரையும் காப்பது மன்றங்களின் சட்டக் கடமை. அதைக் குறைத்தால் நீதிமன்றம் கேட்கும். ஆகவே முதியோர் உள்ளிட்ட வயதுவந்தோர் பராமரிப்புச் செலவு 2010-11க்கும் 2016-17க்கும் இடையே 3 விழுக்காடு மட்டுமே குறைந்தது. குழந்தைகள் நலச் செலவு சற்றுக் கூடவும் செய்தது. நகரத் திட்டமிடல் பாதிக்கும் மேல் இழந்தது. பண்பாட்டுத் துறையும் சாலை, போக்குவரத்துத் துறையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தன. நூலகம், இளைஞர் மையம், மானியத்தில் ஓடிய கிராமப்புறப் பேருந்து ஆகியவையே முதலில் மெலிந்தன. சேவைகள் காப்பாற்றப்பட்டன என்று சொல்லும்போது, எந்தச் சேவைகள் என்று கேட்டாக வேண்டும்.

மன்றங்களில் வீண்செலவு மிகுந்திருந்தது, வெட்டு அதைத்தான் களைந்தது என்பது ஒரு வாதம். அதில் உண்மை உண்டு. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் உள்ளிட்ட மூன்று மன்றங்கள் 2011 முதல் சில துறைகளை ஒன்றாக நடத்தின. பல மன்றங்கள் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றின. ஆனால் இத்தகைய சிக்கனத்தை ஒருமுறைதான் செய்ய முடியும். அடுத்த ஆண்டின் வெட்டுக்கு அது உதவாது. விகன் மன்றம் வேறு வழியை நாடியது. குடிமக்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு, உள்ளூர்க் குழுக்களுக்கு முதலீடு தந்து, முதியோருக்கு வேண்டியதை அவர்களிடமே கேட்டு அமைத்தது. கிங்ஸ் ஃபண்ட் ஆய்வு மையம் 2019இல் இதைப் பாராட்டியது. அங்கும் மாற்றத்துக்கு முதலில் பணம் போட வேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

வேறு சில மன்றங்கள் வணிகத்தில் இறங்கின. சர்ரே மாவட்டத்தின் வோக்கிங், கடன் வாங்கி ஓட்டலும் அடுக்குமாடிக் கட்டடங்களும் எழுப்பியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 கோடி பவுண்டு மைய நிதி கொண்ட அந்தச் சிறு மன்றம் 2023 ஜூனில் 120 கோடி பவுண்டு பற்றாக்குறையைக் காட்டி, செலவை முடக்கும் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. இது நிர்வாகக் கோளாறு, வெட்டின் விளைவு அல்ல என்பார்கள். அதே அறிவிப்பை வெளியிட்ட பர்மிங்காமிலும் சம ஊதிய வழக்குகளின் பாக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் மன்றங்களின் கணக்குகளைக் கண்காணித்த தணிக்கை ஆணையம் 2015இல் மூடப்பட்டதும், வருவாய்க்கு வேறு வழியின்றி விடப்பட்டதும் வணிகத்தில் இறங்கிய துணிச்சலுக்கு இடமளித்தன. தவறு மன்றத்துடையது, அதற்கான சூழலை அமைத்தது அரசு.

எல்லாவற்றிலும் கொடிய வெட்டு, வருமுன் காக்கும் சேவைகளில் விழுந்தது. இளங்குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் உதவிய ஷ்யூர் ஸ்டார்ட் மையங்களுக்கான நிதி 2010க்குப் பின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. அம்மையங்களுக்கு அருகில் வளர்ந்த பிள்ளைகள் பதின்ம வயதில் மருத்துவமனைக்குச் செல்வது குறைந்ததாக நிதி ஆய்வு நிறுவனம் பின்னர் கண்டது. அங்கே மிச்சம் பிடித்த பணம், நெருக்கடி வந்தபின் பன்மடங்காகச் செலவாகிறது. இங்கிலாந்தில் மன்றங்களின் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் 2010இல் ஏறத்தாழ 64,000 பேர். 2023இல் ஏறத்தாழ 84,000 பேர். இந்த உயர்வு முழுவதையும் வெட்டின் கணக்கில் எழுத முடியாது. வறுமைக்கும் துணையின்றி வந்த அகதிச் சிறார்க்கும் அதில் பங்குண்டு. ஆனால் அவர்களைக் காக்கும் செலவில் பெரும்பகுதி, நிதியை இழந்த அதே மன்றங்களின் தலையில்தான் விழுகிறது.