யாளி: தாமிரபரணிக் கரையில் ஓர் உருமாற்றம்

யாளி தென்னிந்தியக் கோயிற் சிற்பங்களில் இடம்பெறும் கற்பனை விலங்கு. சங்கப் பாடல்களில் ஆளி என்ற பெயரில் வரும் இது, யானையைக் கொன்று அதன் கொம்பைப் பறிக்கும் மலைவிலங்கு. யானையின் பகை என்பதே அதன் முதல் அடையாளம். பல்லவர் காலத்து மாமல்லபுரத்தில் தூணின் அடியில் சிங்கமாக அமர்ந்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கிறது. சோழர், பாண்டியர் கோயில்களில் அடித்தளமான அதிட்டானத்தின் மேல் யாளி வரியாகச் சிறுத்துவிடுகிறது. நாயக்கர் காலத்திலோ ஆள் உயரத்தைத் தாண்டி, மண்டபத் தூணிலிருந்து பாய்ந்து வருகிறது. அப்போது பல யாளிகளின் முகத்தில் துதிக்கையும் முளைத்துவிட்டது. யானையைக் கொல்லும் விலங்குக்கு யானையின் உறுப்பே வந்து சேர்ந்தது எப்படி என்பதுதான் இதன் வரலாற்றில் முதன்மையான கேள்வி.

இதற்கான விடையைத் திருநெல்வேலி வட்டாரக் கோயில்களிலேயே தேடலாம். நெல்லையப்பர் கோயிலின் ஊஞ்சல் மண்டபம், ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயில், தாமிரபரணிக்குத் தெற்கே திருக்குறுங்குடி நம்பி கோயில் ஆகியவை யாளிச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்றவை. இவற்றுக்குப் பின்னுள்ள தொழில்நுட்பம் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர் போன்ற உருவங்களும் அவற்றைத் தாங்கும் தூணும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை. பாரத்தைப் பின்னால் உள்ள தூண் ஏற்க, முன்பக்கக் கல் சிற்பிக்கு விடுதலையாகிறது. யாளித் தூணுக்கும் இதே முறைதான். ஆனால் தலையை வெகுவாக முன்தள்ளினால் கருங்கல் முறியும் ஆபத்து உண்டு. முகத்திலிருந்து இறங்கும் துதிக்கை, காலடியிலுள்ள சிறு யானையின் துதிக்கையோடு பின்னிக்கொள்ளும்போது முன்தள்ளிய தலைக்கு முட்டுக்கொடுக்கிறது. யானையை அடக்கும் காட்சியும் கெடுவதில்லை. அழகும் பொறியியலும் இங்கே ஒரே உளிவெட்டில் முடிந்துவிடுகின்றன. யாளி மாறியதற்கு முதற்காரணம் அது நிற்கும் இடமும் அங்கே அதற்கு அமைந்த வேலையும்தான்.

இதை மறுப்போர் இரு வகையினர். நாயக்கர் கலையில் அலங்காரம் மிகுந்ததால் பழைய வடிவம் சிதைந்தது என்பார்கள் ஒரு சாரார். அப்படியானால் அதே காலக் கோயில்களின் அதிட்டானத்தில் துதிக்கையற்ற பழைய யாளி வரி தொடர்ந்திருக்காது. சிற்பிகள் எதையும் மறக்கவில்லை. சிம்ம யாளி, கஜ யாளி, அசுவ யாளி என வகைபிரித்து, இடத்துக்கேற்றதைத் தேர்ந்தார்கள். மற்றொரு சாரார், ஆட்சியாளரின் படைப்பெருமையே காரணம் என்பார்கள். இதில் உண்மை உண்டு. விசயநகர, நாயக்க அரசுகள் குதிரைப்படையை நம்பியவை. பாயும் குதிரைமேல் வீரன் அமர்ந்த திருவரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களுக்கு அந்தச் சூழல் இல்லாமல் விளக்கமில்லை. ஆனால் யாளியின் துதிக்கைக்குப் படைப்பெருமை விடை தராது.

இடத்துக்கும் வேலைக்கும் ஏற்பக் கற்பனை உயிரின் உருவம் மாறுவது இன்றைய வீடியோ கேம்களிலும் நடக்கிறது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் பூனையினமான கஜீத், 2002இல் வந்த 'மொரோவிண்ட்' விளையாட்டில் விலங்குபோல வளைந்த கால்களோடு இருந்தது. அதனால் காலணி அணிய முடியாது. 2006இல் 'ஒப்ளிவியன்' அதற்கு மனிதக் கால்களைத் தந்தது, எல்லாக் காலணிகளும் பொருந்தின. 'டிராகன் ஏஜ்' முதற்பாகத்தில் (2009) கொம்பில்லாமல் வந்த குனாரி இனம், 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் கொம்போடு தோன்றியது. ரசிகர்கள் இத்தகைய மாற்றங்களைத் துரோகம் என்று கண்டிப்பதுண்டு. அவர்களின் பற்று மதிக்கத்தக்கது. ஆனால் ஓர் இனத்தின் அடையாளம் உறுப்புக் கணக்கில் மட்டும் அடங்குவதில்லை. யாளியை யாளியாக வைத்திருப்பது யானையோடு அதற்குள்ள உறவு. துதிக்கை வந்த பின்னும் யானை அதன் காலடியில்தான் கிடக்கிறது.