தஃதீபுல் ஃபரஸ்: குதிரையும் மனிதனும் பயின்ற ஒழுக்கம்

அரபு மொழியில் இன்று அரசியலைக் குறிக்கும் சொல் ‘ஸியாஸா’. அதன் வினைமூலமான ‘ஸாஸ’ என்பதை அகராதிகளில் தேடினால், கால்நடையைப் பராமரித்தல், அடக்கி வழிநடத்தல் என்ற பொருள் நம்மை எதிர்கொள்கிறது. குதிரை லாயத்தின் பணியாளனுக்கு ‘ஸாயிஸ்’ என்று பெயர். ‘ரியாளா’ என்ற சொல்லும் இத்தகையதே. இன்று அது விளையாட்டைக் குறிக்கிறது. ஸூஃபியாக்களின் வழக்கில் ஆன்மப் பயிற்சியைக் குறித்தது. ஆனால் பழைய அரபியில் ‘ராயிள்’ என்றால் இளங்குதிரையைப் பழக்குபவன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யாவு உலூமித்தீன்’ நூலின் ஒரு பகுதிக்கு ‘ரியாளத்துன் நஃப்ஸ்’ என்று பெயரிட்டபோது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் லாயத்தின் மணமும் குளம்பின் ஓசையும் இருந்தன. அதே நூலின் மற்றொரு பகுதியில், அறிவை வேட்டைக்குச் செல்லும் சவாரியாளனாகவும், ஆசையை அவன் ஏறிய குதிரையாகவும், கோபத்தை அவனுடைய நாயாகவும் அவர்கள் உவமிக்கிறார்கள். குதிரை பழகியதாக இருந்தால்தான் வேட்டை கைகூடும்.

மூன்றாவது சொல் ‘தஃதீப்’. பிள்ளைக்கு ‘அதப்’ கற்பிப்பதும் தஃதீப். குதிரையைப் பயிற்றுவதும் தஃதீப். வீண் விளையாட்டுகளிலிருந்து விலக்கப்பட்டு, பயனுள்ளவை என எண்ணப்பட்ட செயல்களைக் கூறும் நபிமொழியில், அம்பெய்தல், குடும்பத்தாருடன் விளையாடுதல், நீந்தக் கற்றல் ஆகியவற்றோடு ஒருவர் தம் குதிரையைப் பயிற்றுவதும் இந்தச் சொல்லாலேயே குறிப்பிடப்படுகிறது. ஆட்சி, ஆன்மிகம், கல்வி ஆகிய மூன்று பெருந்துறைகளின் சொற்கள் குதிரையின் அருகிலும் வாழ்ந்திருக்கின்றன. எனவே ‘ஃபுரூஸிய்யா’ எனப்படும் குதிரையேற்றக் கலையைப் போர்க்கலையாக மட்டும் வாசிப்பது குறைபட்ட வாசிப்பாகும். அது ஒரு கல்விமுறையாகவும் இருந்தது. அதனைக் கண்டு களித்த கண்களுக்கும் அது கல்வியாகவே அமைந்தது.

பார்த்து மகிழ்வது தகுமா?

குதிரையின் நடையழகைக் காண்பது வீண் கேளிக்கையா என்ற வினா நம் உலமாக்களுக்குப் புதிதன்று. அந்நஹ்ல் அத்தியாயம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றின் படைப்புக்கு இரு பயன்களைச் சொல்கிறது: ஒன்று சவாரி, மற்றொன்று ‘ஸீனத்’, அதாவது அலங்காரம். பயனோடு அழகும் ஓர் அருட்கொடையாக அங்கே எண்ணப்பட்டிருக்கிறது. ஸாத் அத்தியாயத்தில், மாலை நேரத்தில் உயர்ந்த குதிரைகள் நபி சுலைமான் (அலை) அவர்கள் முன் கொண்டுவரப்பட்ட காட்சி வருகிறது. அவற்றின் கால்களையும் கழுத்துகளையும் அவர்கள் தடவியதாகக் கூறும் சொல்லை முஃபஸ்ஸிர்கள் இரு விதமாக விளக்கினர். தொழுகை தவறியதற்காக அவற்றை அறுத்தார்கள் என்பது ஒரு கருத்து. அன்புடன் கையால் தடவிக் கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் மற்றொரு கருத்து. இமாம் தபரீயும் இமாம் ராஸீயும் இந்த இரண்டாவது கருத்தின் பக்கமே நின்றனர்.

பெருநாள் நாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் சலிப்படையும் வரை பார்ப்பதற்கு நபி (ஸல்) அவர்கள் துணை நின்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மதீனாவில் நபியவர்கள் குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள். உடல் இறுக்கிப் பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். அவ்வாறு பயிற்றப்படாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். குதிரையின் ஆயத்த நிலைக்கேற்பத் தூரத்தை வகுத்த இந்த ஏற்பாட்டில், அதன் தகுதிக்கு மீறி அதனிடம் கேட்கலாகாது என்ற நீதி அடங்கியிருக்கிறது.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. குதிரை மூவருக்கு மூன்று விதமாக அமையும். ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்குக் காப்பு, பெருமைக்கும் பகட்டுக்கும் வைத்திருப்பவருக்குப் பாவச்சுமை என்பது நபிமொழியின் கருத்து. ஆக, பார்ப்பதில் தடையில்லை; எதைப் பார்க்கிறோம், எதைப் பாராட்டுகிறோம் என்பதே வினா.

இளங்குதிரையின் பருவங்கள்

பாராட்டுவதற்கு முதலில் அறிந்திருக்க வேண்டும். அபூ உபைதாவும் அல்அஸ்மயீயும் ஹிஜ்ரி இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளிலேயே ‘கிதாபுல் கைல்’ என்ற பெயரில் குதிரையின் உறுப்பு, நிறம், நடை ஆகியவற்றுக்கான சொற்களைத் தொகுத்தனர். குதிரைக்குட்டி ‘முஹ்ர்’. ஓராண்டு நிறைந்தது ‘ஹவ்லீ’. பின்னர் ‘ஜதஃ’, ‘ஸனீ’, ‘ரபாஈ’ எனப் பல் விழுந்து முளைக்கும் வரிசையில் பெயர்கள் மாறுகின்றன. ஐந்தாம் ஆண்டில் பற்கள் நிறைவுற்றதும் அது ‘காரிஹ்’ ஆகிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிப்பெயர் இட்ட மொழி, ஒவ்வோர் ஆண்டின் வலிமையையும் வரம்பையும் உற்றுநோக்கியிருக்கிறது. நடைகளுக்கும் அவ்வாறே: விரைந்த நடை ‘அனக்’, துள்ளோட்டம் ‘கபப்’, முன்கால்களைச் சேர்த்துத் தூக்கிச் சேர்த்து வைக்கும் பாய்ச்சல் ‘தக்ரீப்’.

சொற்களஞ்சியத்திலிருந்து பயிற்சி நூலுக்குக் கலையை வளர்த்தவர்களில் முதன்மையானவர், அப்பாஸியர் காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அகீ ஹிஸாம். குதிரையேற்றத்தையும் கால்நடை மருத்துவத்தையும் இணைத்து அவர் எழுதிய நூல், பின்வந்தோர் பலருக்கு மூலமாயிற்று. ‘நாவர்த்’ என்ற பாரசீகப் பெயரால் வழங்கிய வட்டப் பயிற்சி இத்துறையின் அடிப்படை. குதிரையை வலமாகவும் இடமாகவும் வட்டமிடச் செய்து, வட்டத்தைச் சுருக்கியும் விரித்தும், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் பழக்குவார்கள். குதிரை இரு பக்கமும் ஒரே சமநிலையில் வளையக் கற்றுக்கொள்ளும். சவாரியாளன் கடிவாளத்தை இழுக்காமல் தன் உடலின் சாய்வால் பேசக் கற்றுக்கொள்வான்.

மம்லூக் காலத்தில் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் லாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய பெருநூல், சுல்தானின் பெயராலேயே ‘அந்நாஸிரீ’ என வழங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அது பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அந்தச் சுல்தான் குதிரையின் மீது கொண்ட காதல் வரலாற்றாசிரியர் மக்ரீஸீயின் ஏடுகளில் பதிவாகியுள்ளது. தந்தை கலாவூன் பர்க்காப் பகுதிக் குதிரைகளை விரும்பினார். மகனோ அரேபியக் குதிரைகளையே நாடி, பாலைவனக் கோத்திரத்தாருக்குப் பெரும் விலை கொடுத்தார்.

இளஞ்சவாரியின் பள்ளி

குதிரையைப் போலவே சவாரியாளனும் படிப்படியாக உருவாக்கப்பட்டான். கெய்ரோக் கோட்டையின் ‘திபாக்’ எனப்பட்ட பாசறைகளில் வளர்ந்த இளம் மம்லூக்குகளின் கல்வியை மக்ரீஸீ விவரிக்கிறார். சிறுவன் வந்ததும் அவன் கையில் ஆயுதம் தரப்படுவதில்லை. மார்க்க ஆசிரியர் ஒருவர் வந்து குர்ஆனும், எழுத்தும், ஷரீஅத்தின் ஒழுக்கங்களும் கற்பிப்பார். பருவம் எய்திய பின்னரே வில்லும் ஈட்டியும் குதிரையும்.

அப்போதும் உயிருள்ள குதிரையில் உடனே ஏற்றிவிடுவதில்லை. மரம், களிமண் அல்லது கல்லால் செய்த குதிரை உருவத்தின் மீது தாவி ஏறவும் இறங்கவும் பழக வேண்டும். பிறகு சேணமில்லாத குதிரை, முதுகில் வெறும் கம்பளி விரிப்பு. சேணமும் அங்கவடியும் அதற்கும் பின்னர்தான். வெற்று முதுகில் அமரக் கற்காதவனுக்கு உறுதியான இருக்கை வாய்க்காது என்பது இத்துறை ஆசிரியர்களின் துணிபு. தவறான இருக்கையால் முதலில் வருந்துவது குதிரையின் முதுகு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கற்காதவனை முதலில் மரக்குதிரையில் ஏற்றியதில் மாணவனின் பாதுகாப்பு மட்டுமின்றி, குதிரையின் பாதுகாப்பும் இருந்தது.

இவ்வாறு தேறியவர்கள் கூட்டாகச் செய்யும் அணிப் பயிற்சிகளுக்கு வரைபடங்களே உண்டு. நஜ்முத்தீன் அர்ரம்மாஹ் (மறைவு 1295), முஹம்மத் இப்னு ஈஸா அல்அக்ஸராயீ (மறைவு 1348) ஆகியோர் இத்துறையின் பேராசிரியர்கள். அக்ஸராயீயின் நூலுக்கு 1371இல் எழுதப்பட்ட ஓவியப் பிரதி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. நீர்நிலை ஒன்றைச் சுற்றி நான்கு குதிரை வீரர்கள் வட்டமிடும் அதன் ஓவியம் புகழ்பெற்றது. இதே காலத்தில் டமாஸ்கஸில் இப்னுல் கய்யிம் (மறைவு 1350) ஃபுரூஸிய்யாவைப் பற்றித் தனிநூல் எழுதி, அறிவாலும் விளக்கத்தாலும் ஆன வீரம், ஆயுதத்தால் ஆன வீரம் என அதனை இரண்டாக வகுத்தார். மத்ரஸாவும் மைதானமும் ஒரே சொல்லின் கீழ் வந்து நின்றன.

மைதானத்தின் கண்கள்

சுல்தான் பைபர்ஸ் 1267இல் கெய்ரோவின் பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே ‘மைதானுல் கபக்’ என்ற திடலை அமைத்தார். உயர்ந்த கம்பத்தின் உச்சியில் பொன் அல்லது வெள்ளியாலான சுரைக்குடுவை. அதனுள்ளே ஒரு புறா. பாய்ந்து செல்லும் குதிரையிலிருந்து மேல்நோக்கி எய்து குடுவையை வீழ்த்துபவனுக்கு அந்தக் குடுவையே பரிசு. பைபர்ஸ் தாமே அங்கே நெடுநேரம் நின்று இளைஞர்களை ஊக்குவித்தார். சுல்தான் பார்க்கிறார் என்பதால் அமீர்களும் வந்தனர். அமீர்கள் வந்ததால் நகரமும் திரண்டது. அம்பைத் தொடுக்கும் கணத்தில் இரு கைகளும் கடிவாளத்தை விட்டு நீங்குகின்றன. அப்போதும் நேர்கோட்டில் ஓடும் குதிரையே பல மாதப் பயிற்சிக்குச் சாட்சி. பார்வையறிவுள்ளவன் குடுவையை மட்டும் பார்க்கமாட்டான், குதிரையின் காதுகளையும் பார்ப்பான்.

பொதுமக்கள் அதிகமாகக் கண்டு களித்தது ரஜப் மாத மஹ்மல் ஊர்வலம். கஅபாவுக்குச் செல்லும் ஹஜ்ஜுப் பயணத்தின் அறிவிப்பாகிய அந்த ஊர்வலத்தில், செந்நிற உடையணிந்த நாற்பது ஈட்டி வீரர்கள் ஓர் ஆசிரியரின் கீழும் நான்கு துணைத்தலைவர்களின் கீழும் அணிவகுத்து விளையாடினர். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் இக்கலை தளர்ந்தது. ஈட்டிப் பயிற்சியைத் தாமே கற்றிருந்த வரலாற்றாசிரியர் இப்னு தஃக்ரீபிர்தீ (மறைவு 1470) அந்தத் தளர்ச்சியை வருத்தத்துடன் எழுதினார். இடையில் நின்றுபோன அணிவிளையாட்டை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் அல்கவ்ரீ மீட்டெடுத்தார். கோட்டையின் கீழிருந்த மைதானத்தையும் புதுப்பித்தார். எனினும் 1516இல் மர்ஜ் தாபிக் களத்தில் உஸ்மானியரின் பீரங்கிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் முன் அவருடைய படை வீழ்ந்தது. அவரும் அக்களத்திலேயே உயிர் நீத்தார். காட்சி உயிர்பெற்றிருந்தது, அதைத் தாங்கியிருந்த கல்வி முன்போல் உயிர்பெறவில்லை.

காயலுக்கு வந்த குதிரைகள்

கெய்ரோவில் இக்கலை உச்சத்தில் இருந்த அதே 13ஆம் நூற்றாண்டில்தான், கீஷ் தீவின் ஜமாலுத்தீனுடைய கப்பல்கள் பாண்டியரின் காயல் துறைக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தன. ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கிடுகிறார். ஆனால் வந்த குதிரைகள் நீடிக்கவில்லை. தவறான தீனியாலும், பராமரிக்கத் தெரிந்தவர் இன்மையாலும் அவை விரைவில் மடிந்ததை வஸ்ஸாஃபும் மார்க்கோ போலோவும் ஒருமித்துச் சொல்கின்றனர். பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். ஸாயிஸின் அறிவையும் ராயிளின் பொறுமையையும் கப்பலில் ஏற்றி இறக்க முடியாது. குதிரைவீரன் என்று பொருள்படும் ‘இராவுத்தர்’ என்ற பெயரைத் தாங்கி வாழும் நம் சமூகத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

அழகு எங்கே இருக்கிறது?

இன்று இளங்குதிரைகளின் நடைப்பயிற்சியை உலகம் ‘டிரெஸ்ஸாஜ்’ என்ற பெயரில் கண்டு களிக்கிறது. பயிற்றுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த அந்தப் பெயர், நம் ‘தஃதீப்’ என்ற சொல்லை நினைவூட்டுகிறது. 1912 முதல் அது ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்று வருகிறது. ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குதிரைகளுக்குத் தனி உலகப் போட்டிகளே உண்டு. ஐந்து, ஆறு வயதுக் குதிரைகளின் தேர்வில் துள்ளோட்டம், நடை, பாய்ச்சல், இணக்கம், எதிர்கால வளர்ச்சிக்கான தகுதி ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுகின்றனர். இக்கலையின் மரபைப் பேணும் வியன்னாவின் வெண்குதிரைகளில் ‘ஸிக்லாவி’ என்றொரு வழி உண்டு. 1810இல் பிறந்த அரேபியக் குதிரை ஒன்றிலிருந்து தொடங்கியது அது. ஸ்பானிய மொழியில் சவாரியாளனைக் குறிக்கும் ‘கினேத்தே’ என்ற சொல், ஸனாத்தா என்னும் பெர்பர் குலத்தின் பெயரிலிருந்து பிறந்தது. ஐரோப்பியக் கலை முழுவதும் நம்முடையது என்று உரிமை கொண்டாட இவை போதா. அடையாளங்களாகக் கொள்ளப் போதும்.

அந்த அரங்கிலும் பழைய வினாவே எழுகிறது. குதிரையின் கழுத்தை வலிந்து மார்போடு வளைக்கும் பயிற்சிமுறை ஏற்கத்தக்கதன்று என உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2010இல் அறிவித்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்கள் இருக்கையில், பயிற்சியின்போது குதிரையின் கால்களைச் சாட்டையால் மீண்டும் மீண்டும் அடித்த காட்சி வெளியானதால் பெயர்பெற்ற வீராங்கனை ஒருவர் போட்டியிலிருந்து விலகினார். மேடையில் நாம் காணும் இசைவு, திரைக்குப் பின்னால் அச்சத்தால் விளைந்ததா, நம்பிக்கையால் விளைந்ததா என்று பார்வையாளனும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

இதற்கான அளவுகோல் நம்மிடம் உண்டு. முரண்டு பிடித்த ஒட்டகத்தில் ஏறி அதை முன்னும் பின்னும் செலுத்திய ஆயிஷா (ரலி) அவர்களிடம், மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மென்மை எதில் இருந்தாலும் அதை அழகுபடுத்தும்; அது நீங்கினால் அந்தப் பொருள் குறைபட்டுப் போகும் என்பது அந்த அறிவுரையின் கருத்து. அழகுபடுத்தும் என்பதற்கு அங்கே வரும் ‘ஸான’ என்ற வினையும், குதிரையை அலங்காரம் எனக் கூறும் இறைவசனத்தின் ‘ஸீனத்’ என்ற பெயரும் ஒரே மூலத்தில் பிறந்தவை. குதிரையில் நாம் காணத்தக்க ஸீனத், அதைப் பழக்கிய கையின் மென்மையே. அந்தக் கை கடுமையானதாக இருந்தால், நடை எத்தனை ஒழுங்காக இருப்பினும் அங்கே காண்பதற்கு அழகில்லை. பிள்ளைகளைப் பயிற்றும் நாமும் ‘தஃதீப்’ என்ற சொல்லை எடுத்தாளும்போது, அது பிறந்து வளர்ந்த மைதானத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.