கச்சான் காற்றும் கறையில் உருக்கும்

கட்டாரில் வெல்டிங் தொழில் புரியும் என் மைத்துனர் விடுமுறையில் கல்முனைக்கு வந்திருந்தபோது ஒரு தாளை என்னிடம் காட்டினார். வெல்டிங் கம்பியின் இரசாயனச் சான்றிதழ் அது. நூற்றுக்குக் குரோமியம் 20, நிக்கல் 10, மங்கனீசு 1.5, சிலிக்கன் 0.4, காபன் 0.05; மீதி இரும்பு. "வெட்டிப் பார்க்கத் தேவையில்லை மச்சான், இந்த இலக்கங்களை வைத்தே ஒட்டுக்குள்ளே என்ன இருக்கென்று சொல்லலாம்" என்றார். கலைப் பட்டதாரியான எனக்கு அது சோதிடம் போலவே பட்டது. தேடிப் படித்தபோது, அக்கதையின் வேர் எமது தீவையும் தொட்டு நிற்பதைக் கண்டேன்.

உருக்கின் உள்ளமைப்பைப் புறத்தே நின்று அறிய முயல்வது பழைய கலை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் தத்துவஞானி அல் கிந்தி, கலீபா முஃதஸிமுக்காக வாள்களின் வகைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். வாளின் மேற்பரப்பில் நீரலை போல் ஓடும் கோடுகளைக் கொண்டு உருக்கின் தரத்தைக் கூறும் அந்நூலில், சரந்தீப் உருக்கும் இடம்பெறுகின்றது. சரந்தீப் என்பது எமது இலங்கையே.

அவ்வுருக்கின் பின்னணியைக் காட்டும் சான்று பலாங்கொடைக்கு அண்மையில் கிடைத்தது. சமனலவெவ நீர்த்தேக்கத்துக்காக நிலம் மூழ்குமுன், 1988 முதல் அங்கு ஆய்வு செய்த கில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலான இரும்புலைகளைக் கண்டறிந்தார். துருத்தி இல்லை, தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றை ஊதியது. அதே முறையில் உலை அமைத்து எரித்துப் பார்த்து, உயர் காபன் உருக்கு உண்டாவதையும் அவர் மெய்ப்பித்தார். ஆய்வு 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது.

கண்ணால் பார்த்ததை இரசாயனத்தால் விளக்க முயன்றவர் மைக்கல் பரடே. தென்னிந்திய 'வூட்ஸ்' உருக்கை 1819 இல் பகுத்தாராய்ந்த அவர், அதன் சிறப்புக்கு அலுமினியமே காரணம் எனக் கருதினார். அது தவறு, உண்மைக் காரணத்தில் பெரும்பங்கு காபனுக்குரியது. ஆயினும் அத்தேடல் வீண்போகவில்லை. ஜேம்ஸ் ஸ்டொடார்ட்டுடன் சேர்ந்து உருக்கில் நிக்கல், குரோமியம் முதலியவற்றைக் கலந்து பார்த்து, 1820 இலும் 1822 இலும் கட்டுரைகள் வெளியிட்டார். 1913 இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஏறத்தாழ நூற்றுக்கு 13 பங்கு குரோமியம் சேர்த்துக் கறையில் உருக்கை வார்த்தார்.

மைத்துனரின் 'சோதிடத்தை' வகுத்தவர் அன்டன் ஷேஃப்லர். 1949 இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் இரண்டு கூட்டல்களே உண்டு. குரோமியம், மொலிப்டினம், ஒன்றரை மடங்கு சிலிக்கன், அரைமடங்கு நயோபியம் ஒருபுறம்; நிக்கல், அரைமடங்கு மங்கனீசு, முப்பது மடங்கு காபன் மறுபுறம். மேற்சொன்ன தாளில் முதற்கூட்டல் 20.6, அடுத்தது 12.25. அப்புள்ளி காட்டுவது ஒஸ்டனைற்றும் சிறிதளவு பெரைற்றும் கலந்த ஒட்டை. அச்சிறு பெரைற்று இல்லாவிடின் சூட்டிலேயே ஒட்டு வெடிக்கக் கூடும். மிகுந்தால், நீண்டகாலச் சூட்டில் நொறுங்கும்.

இலக்கம் மட்டுமே எல்லாமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண வில்லொட்டின் குளிரும் வேகத்துக்கே அப்படம் பொருந்தும். காபனின் முப்பது மடங்கு மதிப்பைக் கண்டபோது எனக்குப் பரடேயின் தவறு நினைவுக்கு வந்தது. சிறிய அளவு என்று தள்ளிவிடத்தக்க பொருளே ஈற்றில் தீர்ப்புச் சொல்கின்றது.

எமது கரையில் ஆனி, ஆடி மாதங்களில் உடம்பை எரிக்கும் கச்சான் காற்றை நாம் சபிக்கிறோம். மலையைக் கடந்து வறண்டு வரும் அதே தென்மேற்குக் காற்றுத்தான் சமனலவெவ உலைகளை ஊதியது. இதை நான் சொன்னபோது, மைத்துனர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் மச்சான் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை?"

என்னிடம் விடை இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.